தெளிந்த தண்ணீரைப் பற்றி ஐந்து குறிப்புகள்

அக்டோபர் 22

குடியிருப்போர் சங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கண்டதை அன்றன்றே எழுதிவைத்தால் பிறகு தொகுப்பது எளிது. அதற்காகத்தான் இந்த நோட்டு. நான் நிறுவ நினைப்பவை:

1. புற ஊதா விளக்கு தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. தன் ஒளி எட்டுகிற கிருமியை மட்டும் செயலிழக்க வைக்கிறது.
2. இயந்திரத்தின் வெளியே எரியும் பச்சை விளக்கு, உள்ளே மின்சாரம் போகிறது என்பதைத்தான் சொல்லும். தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
3. ஒளிக்கு எதிரி கலங்கல். தண்ணீர் கலங்கியிருக்கும் நாட்களில் கொதிக்கவைக்க வேண்டும், தெளிந்துவிட்டால் தேவையில்லை.
4. மழைக்காலத்தில் கிணறு மாறும். இயந்திரம் மாறாது.
5. செயலாளர் குலசேகரனுக்கு மேற்கண்ட எதுவும் புரியாது.

ஐந்தாவதை அறிக்கையில் சேர்க்க முடியாது. இங்கே இருக்கட்டும்.

விவரம் இதுதான். எங்கள் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். வளாகத்தின் பின்புறம் ஒரு திறந்த கிணறு, அதன் மேல் குடைபோல ஒரு வாதாமரம். கிணற்று நீர் தொட்டிக்கு வந்து, தொட்டியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் போகும். முன்பு தொட்டியில் குளோரின் கலந்தோம். காபியில் நாற்றம் வருகிறது என்று பலர் முகம் சுளித்ததால், போன சித்திரையில் குலசேகரன் இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ஆளுயர எஃகு உருளை. அதன் நடுவே கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் விளக்கு. தண்ணீர் குழாயைச் சுற்றிக்கொண்டு ஓடும். உள்ளே இருப்பது நாலைந்து விநாடி. அதற்குள் ஒளி படவேண்டும். "இனிமே குளோரின் வேண்டாம், கேன் தண்ணி வேண்டாம், எல்லாம் லைட்டு பாத்துக்கும்" என்றார். குளோரினை நிறுத்தலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். எல்லோரும் தூக்கும்போது ஒருவன் மட்டும் தொடையில் கை வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டு டெமான்ஸ்டிரேட்டராக, அதாவது செய்முறை காட்டுபவனாக, இருந்தவன். குலசேகரன் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவது மரியாதைக்காக அல்ல.

அக்டோபர் 24

நேற்று ஆயுத பூஜை. மோட்டார் அறைக்கும் பூஜை நடந்தது. மோட்டார் பார்க்கும் மாரிக்கண்ணு இயந்திரத்தைத் துடைத்து, மாலை போட்டு, உருளை நெடுகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். உருளையின் நடுவில், உள்ளே விளக்கு எப்படி எரிகிறது என்று பார்ப்பதற்காக ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு கண்ணாடி வட்டம் உண்டு. இயந்திரத்துக்கு இருக்கும் ஒரே கண் அது. பொட்டுக்கு அளவெடுத்ததுபோல் இருந்ததால் கனமான சந்தனம் அங்கேதான் விழுந்திருக்கிறது.

"இதைத் தொடைச்சிடலாமே மாரிக்கண்ணு" என்றேன்.

"சாமிக்கு வெச்சத நாமளா அழிக்கக் கூடாது சார். தானா உதிரணும்."

சரி என்று வந்துவிட்டேன். தானாக உதிரட்டும். பகுத்தறிவும் அப்படித்தான் ஒருநாள் உதிர்ந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 25

உதிரவில்லை.

நவம்பர் 1

மூன்று நாளாக மழை. கிணறு ஆறடி ஏறிவிட்டது. இன்று காலை குழாயில் வந்தது டீ. பாலில்லாத டீ.

கீழே போனேன். குலசேகரன் மோட்டார் அறை வாசலில் நின்று எல்லோருக்கும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் தீபாராதனை காட்டுவார்களே, அந்தத் தோரணை.

"எரியுதா இல்லையா? எரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். என்னைப் பார்த்ததும், "என்ன வாத்தியாரே, பக்கெட்டையே உத்துப் பாக்குறீங்க? மீன் எதுவும் மாட்டுச்சா?"

ஒவ்வொரு மண் துகளும் ஒரு குடை. அதன் நிழலில் கிருமி சுகமாகக் கடந்துபோகும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "மீன் இல்லை" என்று மட்டும் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் அதுகூட ஆய்வு முடிவுதான்.

வீட்டுக்கு வந்து சற்குணத்திடம் தண்ணீரை வடிகட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவைக்கச் சொன்னேன்.

"இத எனக்கு மட்டும் சொல்றீங்களா, ஊருக்கும் சொல்வீங்களா?" என்றாள் என் மனைவி.

"அறிக்கை எழுதிக்கிட்டிருக்கேன்."

"எழுதி முடிக்கிறதுக்குள்ள எதிர் வீட்டுப் பொண்ணுக்குப் பிரசவம் ஆயிடும்."

எதிர் வீட்டில் பங்கஜவல்லி இருக்கிறார். வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர், கணவர் இல்லை. அவருடைய ஒரே மகள் நிறைமதி. ஆறு ஆண்டு காத்திருந்து, இரண்டு முறை கலைந்து, இப்போது ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து போன வாரம்தான் அம்மா வீட்டுக்கு அழைத்துவந்திருக்கிறார்கள். அவள் படியேறும்போது வளையல் சத்தம் எங்கள் கூடம் வரை கேட்கிறது.

சற்குணமே போய்க் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு வேலை மிச்சம்.

நவம்பர் 3

மற்ற இருபத்திரண்டு வீடுகள் மனதை உறுத்தின. தாள் எடுத்து எழுதினேன்: "மண் கலங்கிய நீரில் புற ஊதாக் கதிர் ஊடுருவாது. நீர் தெளியும் வரை கொதிக்கவைத்துப் பருகவும்." எழுத்து அடையாளம் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். அதிகாலை நடைக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையில் குத்தினேன். பெயர் போடவில்லை. கருத்துதான் முக்கியம், பெயர் அல்ல.

நவம்பர் 5

அவசரக் கூட்டம். குலசேகரன் அந்தத் தாளை இரு விரலால், எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினார்.

"'ஊடுருவாது'வாம். 'பருகவும்'மாம். செந்தமிழ்ல மிரட்டுறான் பாருங்க. கையெழுத்தைப் பாத்தா ரெண்டாங்கிளாஸ் பையன் மாதிரி இருக்கு."

சிரிப்பு.

"பேரு போடத் துப்பில்லாதவன் சொல்றதக் கேட்டு இருபத்திநாலு வீடும் கேஸைக் கரைக்கணுமா? கலங்கல் ரெண்டு நாள்ல அடங்கிடும். இந்தா, தொட்டித் தண்ணி. இப்பவே எவ்ளோ தெளிஞ்சிருக்கு பாருங்க." டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, ஒரு மடக்கில் குடித்தார். கைதட்டினார்கள். கண்ணை நம்பி ஒரு குடியிருப்பையே நடத்துகிற மனிதர். தராசு இல்லாமல் கையால் தூக்கிப் பார்த்து நகை விற்பவனிடம் இவர் வாங்குவாரா?

சிரிப்பு வந்தபோது நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும்.

நவம்பர் 9

ஐந்து நாள் வெயில். வண்டல் படிந்துவிட்டது. முறையாகச் சோதித்தேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, பின்னால் செய்தித்தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படித்தேன். மிகச் சிறிய எழுத்தில் இருந்த வரன் விளம்பரங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. மூன்று குவளை, மூன்று முறை. காலை, நண்பகல், மாலை. ஒரே முடிவு. குலசேகரனின் டம்ளருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் முறை இருக்கிறது.

மாலையில் பங்கஜவல்லி கதவைத் தட்டினார். முதலில் சற்குணத்தைத்தான் கேட்பார் என்று உள்ளே திரும்பினேன்.

"உங்களத்தான் சார் பாக்க வந்தேன். நீங்க கெமிஸ்ட்ரி ஆச்சே. மதிக்குக் காச்சின தண்ணியோட வாடையே ஆகல. ஒரு வாய் குடிச்சா ரெண்டு வாய் வாந்தி. நாள் பூரா நாலு டம்ளர்கூட இறங்க மாட்டேங்குது. டாக்டரம்மா தண்ணி நெறையக் குடிக்கச் சொல்றாங்க. இப்பத் தெளிஞ்சிருச்சே, அப்படியே குடுக்கலாமா?"

உட்காரச் சொன்னேன். கலங்கல், துகள், நிழல், ஒளியின் பாதை எல்லாவற்றையும் விளக்கினேன். பதினைந்து நிமிடம் இருக்கலாம். அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. குவளையையும் செய்தித்தாளையும் காட்டினேன். அவரும் ஒரு விளம்பரத்தைப் படித்துப் பார்த்தார்.

"அப்ப குடுக்கலாம்ங்கிறீங்க."

"தாராளமா குடுக்கலாம்."

"நீங்க சொன்னா சரி சார். அந்தக் குலசேகரன் சொன்னாத்தான் பயமா இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 10

இன்றும் எங்கள் வீட்டில் கொதிக்கவைத்தே குடித்தோம். பழக்கம்.

நவம்பர் 13

நேற்று தீபாவளி. இன்று காலையிலிருந்து ஏ பிளாக்கில் நான்கு பேருக்கும், பி பிளாக்கில் மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு. குலசேகரன் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்: "பலகாரம் அளவாகச் சாப்பிடவும். லேகியம் அனைவருக்கும் எங்கள் வீட்டில் கிடைக்கும்." முப்பத்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். நம் ஜனங்களுக்குத் தீபாவளிக்கு மறுநாள் காலராவே வந்தாலும் அது அதிரசத்தின் குற்றம்தான்.

ஆனாலும் எண்ணெய்ப் பலகாரம் வயிற்றைக் கெடுப்பது உண்மை. தண்ணீர் தெளிந்துதான் இருக்கிறது. காலையில்கூடப் படித்துப் பார்த்தேன்.

சற்குணம், "மதி பலகாரமே தொடலியாம். எண்ணெய் வாடை ஆகலன்னு ரசஞ்சோறுதான் சாப்பிட்டாளாம்" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 14

வளையல் சத்தம் இன்று நாலைந்து முறை அவசரமாகக் கேட்டது. குளியலறைப் பக்கம்.

நவம்பர் 15

நிறைமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நேற்று முதல் வாந்தியும் பேதியும். காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. நாக்கு உலர்ந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்ற மாரிக்கண்ணுவும் சற்குணமும் இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆட்டோ வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பங்கஜவல்லி என்னைப் பார்த்தார், பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கூடப் போன சற்குணம் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். உடம்பில் நீர் வற்றியதால் வயிறு இறுகி இறுகி விடுகிறதாம். ஏழு மாதத்திலேயே வலி எடுத்துவிடுமோ என்று டாக்டர் பயப்படுகிறாராம். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாம்.

"டாக்டரம்மா முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? தண்ணி எங்க குடிச்சேன்னு கேட்டாங்க" என்றாள்.

"பங்கஜவல்லி என்ன சொன்னாங்க?"

"கெமிஸ்ட்ரி சார் பாத்துச் சொன்ன தண்ணின்னு சொன்னா."

நவம்பர் 16

இரண்டு சோதனை செய்தேன். இதை நான் ஒன்பதாம் தேதியே செய்திருக்க வேண்டும்.

முதலாவது: மலக்கிருமி இருந்தால் கறுப்பாகும் சோதனைக் குப்பி. இயந்திரத்தைத் தாண்டி வரும் குழாயிலிருந்து நேற்று காலையிலேயே பிடித்து வைத்தேன். இன்று காலை மை போல் கறுத்திருந்தது. மழையில் கழிவுநீர்த் தொட்டி கசிந்து கிணற்றில் கலந்திருக்கிறது. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் இயந்திரம் அதை ஏன் விட்டது? தண்ணீர்தான் தெளிந்திருக்கிறதே.

இரண்டாவதற்காக ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பழைய கல்லூரிக்குப் போனேன். இப்போது துறைத் தலைவராக இருப்பவர் ஷம்ஷாத். ஒருகாலத்தில் என் ஆய்வகத்தில் பிப்பெட்டை உடைத்துவிட்டு அழுத பெண். தண்ணீரைச் சிறு படிகக் கலத்தில் ஊற்றி, புற ஊதா ஒளி எவ்வளவு கடக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்த்தார். இயந்திரம் வந்த புதிதில் இதே கருவியில் பார்த்தபோது கோடைத் தண்ணீருக்குத் தொண்ணூற்றொரு சதவீதம் வந்ததாக என் பழைய குறிப்பில் இருக்கிறது. இன்று ஐம்பத்தெட்டு. எழுபத்தைந்துக்குக் குறையக்கூடாது என்று இயந்திரத்தோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

"கருவி கெட்டுப்போச்சா?" என்றேன்.

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். கிணத்து மேல மரம் ஏதாவது இருக்கா?"

"வாதாமரம்."

"அதான். இலை விழுந்து ஊறி சாறு இறங்கியிருக்கு. தண்ணியில மண் இல்ல, கரைஞ்ச சாறுதான் இருக்கு. அது ஒளிய உறிஞ்சிடும்." சற்றுத் தயங்கினார். "சார், ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு அசிட்டோன வெச்சு ஒண்ணு காட்டுவீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் காட்டுவேன். ஒரு கலத்தில் தண்ணீர், இன்னொன்றில் அசிட்டோன். எது எது என்று மாணவர்களைக் கேட்பேன். யாராலும் சொல்ல முடியாது. பிறகு கருவியில் வைத்துக் காட்டுவேன். தண்ணீரில் புற ஊதாக் கதிர் சாவகாசமாகப் போகும். அசிட்டோன் அதற்குச் சுவர். "கண்ணுக்குத் தெளிவென்றால் கதிருக்கும் தெளிவென்று நினைப்பவன் வேதியியலை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்" என்று சொல்லி முடிப்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். முப்பத்தொரு ஆண்டு அதே நகைச்சுவை.

ஷம்ஷாத் டீ வாங்கித் தந்தார். குடிக்க முடியவில்லை. நிறம்.

நவம்பர் 17

மாரிக்கண்ணுவை அழைத்து இயந்திரத்தைத் திறக்கச் சொன்னேன். கண்ணாடிக் குழாயை உருவி எடுத்தார். வெளிச்சமாக இருக்கவேண்டிய குழாய், நாள்பட்ட வெந்நீர்ப் பானையின் உட்புறம்போல் துருநிறத்தில் செதில் பூத்திருந்தது. மழைக்குப் பின் கிணற்றில் ஊறிய இரும்பு, விளக்கின் சூட்டில் அங்கே படிந்திருக்கிறது. ஏற்கெனவே ஒளியை விழுங்கும் தண்ணீர். அதன் மேல் விளக்குக்கு ஒரு போர்வை. பார்வைக் கண்ணாடியில் சந்தனம் இல்லையென்றால் விளக்கு மங்குவது எப்போதோ தெரிந்திருக்கும். வெளியே பச்சை விளக்கு மட்டும் குறையில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

மாரிக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். "நான்தான் சார் பொட்டு வெச்சேன்."

"பார்த்துட்டு சும்மா போனது நான்" என்றேன்.

பிளீச்சிங் பவுடர் வாங்கிவரச் சொன்னேன். தொட்டியின் கொள்ளளவை அளந்து, கணக்கைப் போட்டு, மறுபடி போட்டு, மூன்றாம் முறையும் போட்டுக் கரைத்து ஊற்றும்போது குலசேகரன் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு இதச் செய்றீங்க? குளோரின் வேண்டாம்னு மீட்டிங்ல தீர்மானம் போட்டிருக்கு. நீங்களும்தான் கை தூக்குனீங்க."

"தூக்குனேன்."

"அப்புறம்?"

குழாயை அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். விரலில் துரு ஒட்டிக்கொண்டது. கறுத்த குப்பியையும் காட்டினேன்.

"பச்சை லைட்டு எரியுதே" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. பிறகு, "அந்த மொட்டைக் கடுதாசி நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"பேரு போட்டிருந்தா கேட்டிருப்பேன் வாத்தியாரே."

பொய். பெயர் போட்டிருந்தாலும் சிரித்திருப்பார். ஆனால் யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

நவம்பர் 18

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சற்குணம் வரவில்லை. "நீங்க தனியாப் போறதுதான் சரி" என்றாள்.

இதயத் துடிப்பு சீராக இருக்கிறது. வயிறு இறுகுவது நேற்று மாலையோடு நின்றுவிட்டது. நிறைமதி கண்ணை மூடியிருந்தாள். மணிக்கட்டில் ஊசி ஏற்றுவதற்காக வளையல்களைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்கள். பங்கஜவல்லி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். தெளிந்த தண்ணீரிலும் ஒளி போகாமல் இருக்கலாம், இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது, கொடுக்கலாம் என்று நான் சொன்னது தப்பு. இலைச் சாற்றைப் பற்றித் தொடங்கியபோது அவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் எனக்குப் புரியாது சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கி எங்களுக்கு வேணாம்னு சொன்னீங்களே, உங்க வீட்டுல காச்சினீங்களா, காச்சலியா?"

பழக்கத்தால் என்று சொல்ல வாயெடுத்தேன். நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"காச்சினோம்" என்றேன்.

"அப்ப உங்களுக்கே சந்தேகம் இருந்திருக்கு."

"இருந்தது."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார். தெரியலன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குச் சீரகத்தப் போட்டுக் காச்சிக் குடுத்திருப்பேனே."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டிலிலிருந்து நிறைமதி கண் திறக்காமல், "விடும்மா, பெரியவங்க" என்றாள். என் ஆயுளில் வயதைக் காரணம் காட்டி என்னை இப்படி யாரும் அடித்ததில்லை.

திரும்பி வந்து, ஒரு தாளை எடுத்து வலது கையால் எழுதி, நண்பகலில், நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க அறிவிப்புப் பலகையில் குத்தினேன். அதன் நகல்:

"அனைத்து வீடுகளுக்கும். தொட்டியில் குளோரின் கலக்கப்பட்டுள்ளது, நாற்றம் இருக்கும். அடுத்த அறிவிப்பு வரும்வரை, தண்ணீர் எப்படித் தெரிந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள். தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டாம் என்று பி-5 வீட்டாரிடம் சொன்னவன் நான். எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியும் என்று சொன்னேன். — அ. சிவக்கொழுந்து, பி-6."

அறிக்கைக்கான குறிப்புகளில் மற்ற நான்கும் நிற்கும். ஐந்தாவதுகூட நிற்கும், அதில் குலசேகரன் பெயரோடு இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும். மூன்றாவது, தெளிந்துவிட்டால் கொதிக்கவைக்கத் தேவையில்லை என்பது, தவறு.